கேஸ் தீர்ந்த வீட்டில் முட்டை அவிப்பது எப்படி என்று கேட்டாயே

தம்பி,

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போன் செய்து, "அம்மா, கேஸ் தீர்ந்துபோச்சு, சிலிண்டர் வர ரெண்டு நாள் ஆகுமாம், முட்டை அவிக்க வேற ஏதாவது வழி இருக்கா?" என்று கேட்டாய். வினோதினி எங்கே என்றதற்கு, "அவ பட்டுக்கோட்டைல அவங்க அம்மா வீட்டுக்குப் போயிருக்காம்மா, சும்மா ரெஸ்ட்டுக்கு" என்றாய். கெட்டிலில் போடு என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். இருபத்திரண்டு வருஷமாகப் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக்கூடத்தில் கூடை கூடையாக முட்டை அவிக்கிறவள், பெற்ற பிள்ளைக்கு நாலு முட்டை அவிக்க வழி சொல்ல இவ்வளவு கஞ்சத்தனம் பண்ணுகிறாளே என்று உனக்குத் தோன்றியிருக்கும். காரணம் இருந்தது. நீ பேசிக்கொண்டிருந்தபோது உன் பெண்டாட்டி என் சமையலறைத் தரையில், என் எதிரில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் உன் குரல் கேட்டதும் அவள் கையிலிருந்த கத்தி கீழே விழுந்துவிட்டது.

இதைப் படித்ததும் எழுந்து நின்றிருப்பாய். தூக்கி எறிய ஏதாவது கிடைக்குமா என்று கை தேடும். எறிவதை எறிந்துவிட்டு வந்து மீதியைப் படி, அவசரமில்லை. போனில் சொன்னால் நீ கத்துவாய், நான் வாயை மூடிக்கொள்வேன், நம் பேச்சு எப்போதும் அப்படித்தான் முடிந்திருக்கிறது. அதனால்தான் கடிதம். நீ கேட்டதற்கும் பதில் சொல்கிறேன், கேட்காததற்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

கெட்டில் விஷயத்தை முழுசாகச் சொல்கிறேன். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த முட்டையை அப்படியே போடாதே, கொஞ்ச நேரம் வெளியே வை, இல்லாவிட்டால் விரிசல் விடும். கெட்டிலில் முட்டையை வைத்து, முழுகும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி ஸ்விட்சைப் போடு. கொதித்து அதுவாக அணைந்ததும் மூடியைத் திறக்காமல் பத்து நிமிஷம் விடு. மறுபடி ஒரு தடவை ஸ்விட்சைப் போட்டு, அணைந்த பிறகு இன்னும் எட்டு நிமிஷம். மஞ்சள் கரு நன்றாக இறுகிவிடும். உனக்கு அப்படி இருந்தால்தான் இறங்கும், உன் அப்பாவுக்கும் அப்படித்தான். மஞ்சள் கரு நடுவில் கொஞ்சம் ஈரமாக இருந்தது என்று அவர் தட்டோடு தூக்கி என் மேல் எறிந்தபோது உனக்கு நாலு வயசு. எவர்சில்வர் தட்டு என் தோள்பட்டையில் அடித்து, சுவரில் மோதி, நீ உட்கார்ந்திருந்த இடத்துக்கு உருண்டு வந்து சுற்றி விழுந்தது. நீ கைதட்டிச் சிரித்தாய், விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆமாண்டா கண்ணு, அப்பா வெளையாடறாரு" என்றேன். அடித்ததற்கு விளையாட்டு என்று உனக்குப் பெயர் சொல்லிக் கொடுத்தது நான்தான்.

இன்னொரு வழி சோற்று உலை. உங்கள் வீட்டில் கரண்டில் ஓடுகிற ரைஸ் குக்கர் இருக்கிறதே, அதிலேயே செய்யலாம். முட்டையை நன்றாகக் கழுவி, அரிசி போடும்போதே கூடப் போட்டுவிடு, சோறு வெந்தால் முட்டையும் வெந்திருக்கும். நம் வீட்டில் பாதி நாள் அப்படித்தான், விறகு மிச்சம். நீ ஆறாவது படிக்கும்போது ஒரு நாள் உலையில் மூன்று முட்டை போட்டிருந்தேன், அப்பாவுக்கு இரண்டு, உனக்கு ஒன்று. பள்ளிக்கூடம் விட்டுப் பசியோடு வந்த நீ மூன்றையும் தின்றுவிட்டாய். கடையில் முட்டை இல்லை. அவர் மில்லிலிருந்து வர அரைமணி நேரம்தான் இருந்தது. அடுப்பில் கரண்டியைக் காயவைத்து, உன்னைக் கீழே தள்ளி, முழங்காலால் அழுத்திக்கொண்டு, வலது தொடையில் வைத்தேன். தோல் கரண்டியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. நீ கத்தின கத்தலில் எதிர் வீட்டுக்காரர்கள் வந்து நின்றார்கள். உன் அப்பா வந்தார், காயத்தைப் பார்த்தார், "நல்ல வேல பண்ணே" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அன்றைக்கு என்னை அடிக்கவில்லை. உன் தொடையைக் கொடுத்து என் முதுகைக் காப்பாற்றிக்கொண்டேன் தம்பி. தண்டிப்பதற்காகச் செய்தேன் என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டது பொய்.

அந்தத் தழும்பு பைக் சைலன்சர் பட்டது என்று நீ வினோதினியிடம் சொல்லியிருக்கிறாய். அவள் சொன்னபோது, என் பிள்ளை என்னைக் காட்டிக் கொடுக்கவில்லையே என்று முதலில் நெகிழ்ந்துபோனேன். கொஞ்ச நேரம் கழித்து எரிச்சல்தான் வந்தது. வாங்கின அடியை மறைப்பதில் நம் வீட்டில் எல்லோரும் கெட்டிக்காரர்கள்.

எனக்குப் பிடித்த வழி இட்லிப் பானை. குழிக்கு ஒன்றாக முட்டையை வைத்து மூடி, ஆவி வந்த பிறகு பன்னிரண்டு நிமிஷம். எடுத்துப் பச்சைத் தண்ணீரில் போட்டால் ஓடு சட்டை கழற்றுவது மாதிரி வந்துவிடும். சென்னையில் உன்னிடம் இண்டக்‌ஷன் அடுப்பு இருந்தால் இதைச் செய். என் கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்துக்குப் போனபோது என் அம்மா இப்படி அவித்த முட்டையைத்தான் மாப்பிள்ளைக்கு வைத்தாள். அவர் அதை எடுத்து எல்லோரும் பார்க்க என் நெற்றியில் தட்டி உடைத்தார். கூடம் முழுக்கச் சிரிப்பு. "மாப்ளைக்குக் குறும்பப் பாரேன்" என்றார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அதற்கப்புறம் நம் வீட்டில் முட்டையைச் சுவரிலோ தட்டிலோ உடைத்து யாரும் பார்த்ததில்லை. சாப்பிட உட்கார்ந்தால், "வாடி, நெத்தியக் காட்டு" என்பார். உன்னை மடியில் வைத்துக்கொண்டு, முட்டையை உன் கையில் கொடுத்து, "அம்மா நெத்தியில ஒடைடா சிங்கம்" என்பார். உன் பிஞ்சுக் கையில் என்ன பலம் இருக்கும், மூன்று நாலு தடவை தட்டுவாய். அவர் நல்ல மனநிலையில் இருந்தால் மெதுவாக விழும். இல்லாத நாளில் எனக்குக் கண்ணில் பூச்சி பறக்கும். எது எந்த நாள் என்று முட்டை வந்து விழும்வரைக்கும் எனக்குத் தெரியாது.

அவர் குடித்துவிட்டு அடித்தார் என்று ஊரில் நினைத்தார்கள். அவர் குடிக்க மாட்டார். காபி குடித்துவிட்டுத்தான் அடித்தார்.

அவர் வேலை பார்த்த அரிசி மில்லில் நெல் அவிக்கும் பெரிய தொட்டி உண்டு, உனக்கு நினைவிருக்கும். சம்பா அறுத்த வயலில் வாத்து மேய்க்க வருகிறவர்களிடம் வாத்து முட்டை வாங்கி, துணியில் முடிந்து, ஆவி ஏறுகிற நெல்லுக்கு நடுவில் புதைத்துவிடுவார். நெல் வாய் பிளக்கிற நேரத்தில் முட்டையும் வெந்திருக்கும். அவித்த நெல் வாசனை முட்டைக்குள் இறங்கி, அப்படி ஒரு ருசி. இந்த வழி சென்னையில் உனக்கு உபயோகப்படாது. ஆனால் ஒன்று தெரிந்துகொள், வாத்து முட்டை ஓடு கோழி முட்டை ஓடு மாதிரி இல்லை, தடிமன். நீ டவுனில் ஹாஸ்டலில் இருந்த வருஷம், ஒரு நாள் ஐந்து முட்டை முடிச்சோடு சூடாகக் கொண்டுவந்தார். நான் அவரைக் கேட்காமல் என் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டு வந்திருந்தேன். அதுதான் குற்றம். பின்னாலிருந்து முடியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு முதல் முட்டையை நெற்றியில் அடித்தார். ஓடு உடையவில்லை. அதே இடத்தில் மறுபடி. அப்போதும் உடையவில்லை. மூன்றாவது அடியில் உடைந்தது, அடுத்த முட்டையை எடுத்தார். அந்தச் சூட்டில் முட்டை அவர் உள்ளங்கையையும் சுட்டிருக்கும், அதை அவர் பொருட்படுத்தவில்லை. ஐந்தும் முடியும்போது ரத்தம் கண்ணுக்குள் இறங்கி எனக்கு ஒரு பக்கம் தெரியவில்லை. பிறகு அவர் உட்கார்ந்து, அந்த முட்டைகளில் ஒட்டியிருந்த ஓட்டைப் பொறுமையாக உரித்து, மிளகுத்தூள் போட்டுச் சாப்பிட்டார்.

ஏழு தையல். மறுவாரம் வேலைக்குப் போனபோது கூட வேலை செய்கிற அக்கா என்ன ஆச்சு என்று கேட்டாள். "முட்ட வெடிச்சிடுச்சுக்கா" என்றேன். அவள் என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "ஒங்க வீட்டு முட்ட ரொம்ப வெடிக்குதுடி" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போனாள்.

நான் ஒரு தடவை திருப்பி அடித்தேன், அதையும் எழுதிவிடுகிறேன். தண்ணீரில் முட்டை கொதித்துக்கொண்டிருந்தது. அவர் கையை ஓங்கினார். நான் பானையைத் தூக்கி அவர் காலில் கவிழ்த்தேன். இரண்டு பாதமும் வெந்து தோல் சாக்ஸ் மாதிரி கழன்றது. அவர் போட்ட சத்தம் மாடு அறுக்கிற சத்தம். மூன்று வாரம் படுக்கை. நானே பக்கத்தில் உட்கார்ந்து மருந்து போட்டேன், போடும்போதெல்லாம் பஞ்சைத் தேவைக்கு மேல் கொஞ்சம் அழுத்தினேன். அவர் துடிப்பார். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நாளைக்கு எப்போது மருந்து போடும் நேரம் வரும் என்று காத்திருந்தேன். அடிக்கிறவர் மனசுக்குள் என்ன ஓடும் என்று எனக்குத் தெரியும் தம்பி, நானும் அந்த இடத்தில் இருந்திருக்கிறேன். அதனால், கோபத்தில் என்ன செய்தேன் என்றே தெரியவில்லை என்று என்னிடம் வந்து சொல்லாதே. தெரியும். எங்கே அடித்தால் வலிக்கும், எங்கே அடித்தால் வெளியே தெரியாது, எல்லாம் அந்த நேரத்தில் நன்றாகத் தெரியும்.

இப்போது மைக்ரோவேவ். முழு முட்டையை ஓட்டோடு அதற்குள் வைக்கவே கூடாது. உள்ளே ஆவி கட்டிக்கொண்டு, எடுத்துத் தொட்டதும் வெடிக்கும். சத்துணவுக்கூடத்தில் குக்கரில் போட்ட முட்டையே ஒரு தடவை வெடித்து, எனக்கு முகவாய், கழுத்து, கண் இமை, முன்கை என்று புள்ளி புள்ளியாகச் சுட்டுவிட்டது. நிஜமாக முட்டை வெடித்தால் அப்படித்தான் சிதறும், ஒரே இடத்தில் வந்து விழாது.

போன சனிக்கிழமை மத்தியானம் உன் பெண்டாட்டி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். கையில் ஒரே ஒரு பை. நெற்றியில் பிளாஸ்திரி. நான் கேட்பதற்கு முன்னால் அவளே, "மைக்ரோவேவ்ல முட்ட வெடிச்சிடுச்சு அத்த" என்றாள். உட்காரவைத்து மோர் கொடுத்துவிட்டு, பிளாஸ்திரியைப் பிரித்துப் பார்த்தேன். முகவாயில் ஒரு புள்ளி கிடையாது, கழுத்தில் கிடையாது. நெற்றியில் இடது பக்கம் ஒரே இடத்தில் வீங்கிக் கறுத்து, நடுவில் கிழிந்திருந்தது. தலையைத் தடவினேன். பின் மண்டையில் ஒரு ரூபாய் அகலத்துக்கு முடி இல்லை, தோல் சிவந்து கிடந்தது. எந்த முட்டை வெடித்து ஒரு பொம்பளையின் பின் மயிரைப் பிடுங்கும்?

"எத்தன தடவ?" என்று கேட்டேன்.

"இந்தத் தடவயா அத்த, மொத்தமாவா?" என்றாள்.

அதற்கப்புறம் அரைமணி நேரம் அவள் சொன்னதையெல்லாம் இங்கே எழுதவில்லை. செய்தவன் நீ, உனக்குத் தெரியும். கதவு இடுக்கில் விரலை வைத்து நசுக்கியதை மட்டும் சொல்லும்போது அவளால் முடிக்க முடியவில்லை. முதலில் பட்டுக்கோட்டைக்குத்தான் போயிருக்கிறாள். அவள் அம்மா ஒரு ராத்திரி தங்க வைத்துவிட்டு, "ஆம்பளன்னா கை நீட்டத்தான் செய்வான், ஒரு கொழந்த பொறந்தா சரியாயிடும்" என்று திருப்பி அனுப்பப் பார்த்திருக்கிறாள். பஸ் ஏறினவள் சென்னைக்கு வராமல் இங்கே வந்துவிட்டாள். நான் கேட்டேன், "நான் அவனப் பெத்தவம்மா. என்ன நம்பி ஏன் வந்தே?" அவள் என் நெற்றியைப் பார்த்துக்கொண்டே, "ஒங்களுக்கு இருக்கற அதே எடத்துலதான் எனக்கும் இருக்கு அத்த. ஒங்களால மட்டும் நம்பாம இருக்க முடியாதுன்னு தோணுச்சு" என்றாள். என்னைச் செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

ஏனென்றால் ஒன்று இருக்கிறது, அது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது. உன் கல்யாண விருந்தில், நம் வீட்டுக் கூடத்தில், உன் தட்டில் முட்டை வைத்தபோது நீ அதைத் தட்டில் தட்டி உடைக்கத்தான் போனாய். நான்தான் தடுத்தேன். நீ, "வேணாம்மா, அவளுக்கு வலிக்கும்" என்றாய். அந்த வார்த்தையை நீ சொன்னாய், சத்தியமாகச் சொன்னாய். நான் முட்டையை எடுத்து உன் கையில் திணித்து, "ஒங்கப்பா எனக்கு ஒடச்ச மாதிரி ஒடைடா, அதான் நம்ம வீட்டு வழக்கம்" என்றேன். அவர் செத்து ஆறு மாதம் ஆகியிருந்தது. சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். அந்த மனுஷனோடு நான் சந்தோஷமாகத்தான் வாழ்ந்தேன் என்று அவர்கள் முன்னால் ஒரு தடவையாவது காட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. என் மானத்துக்காக அந்தப் பெண்ணின் நெற்றியைக் கொடுத்தேன். நீ தட்டினாய். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன்.

இதைச் சொல்வதால் உன் பாவம் குறைந்துவிடும் என்று நினைக்காதே. நான் கொடுத்தது ஒரே ஒரு நாள், ஒரே ஒரு முட்டை. மற்றதெல்லாம் நீயாகச் செய்தது. உன் அப்பாவைப் பார்த்து வளர்ந்தவன் நீ, அதனால் இப்படி ஆனாய் என்று வக்கீல் யாராவது சொல்லிக் கொடுப்பார். அவரைப் பார்த்து வளர்ந்துதான் "அவளுக்கு வலிக்கும்" என்றும் சொன்னாய். இரண்டும் உனக்குத் தெரிந்திருந்தது. உன்னைப் பெற்றவள் நான், உன்னை வெறுக்க எனக்கு வரவில்லை, அது என் தலையெழுத்து. ஆனால் உன்னைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. என் வயிற்றில் பிறந்ததைப் பார்த்து நானே பயப்படுகிறேன், அதை உன்னிடம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நேற்று அவளைக் கூட்டிக்கொண்டு மகளிர் காவல் நிலையத்துக்குப் போனேன். ஆஸ்பத்திரிச் சீட்டு எடுத்துக்கொண்டு போனோம். அங்கிருந்த போலீஸ்கார அம்மா என்னைப் பார்த்து, "நீங்க பொண்ணோட அம்மாவா?" என்றார்கள். "பையனோட அம்மா" என்றேன். அவர்கள் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். "நல்லா யோசிச்சுக்கங்க. எப்.ஐ.ஆர். போட்டப்புறம் பெத்த மனசு கேக்காம கோர்ட்டுல வந்து மாத்திச் சொல்லுவீங்க. நாங்க நெறைய பாத்துட்டோம்" என்றார்கள். தப்பாகச் சொல்லவில்லை, நிஜத்தைத்தான் சொன்னார்கள். நானே அப்படிச் செய்தவள். அந்த ஏழு தையல் போட்டபோது என் அண்ணன் உன் அப்பா மேல் புகார் கொடுத்தான். அவரை விசாரிக்கக் கூட்டிக்கொண்டு போனார்கள். அன்று மத்தியானமே, தையல் பிரிக்காத நெற்றியோடு நான் ஸ்டேஷனுக்கு ஓடினேன். என் வீட்டுக்காரர் மேல் ஒரு தப்பும் இல்லை, நான் சமையல் செய்யும்போது பட்ட காயம், அண்ணனுக்கும் அவருக்கும் பழைய பகை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் அண்ணன் அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தான், அன்றோடு நம் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. உன் அப்பா இரண்டு வாரம் நல்ல மனுஷனாக இருந்தார். அதற்குப் பிறகு பதினோரு வருஷம் எங்கே போய்ச் சொல்வது என்று தெரியாமல் அடி வாங்கினேன், ஏனென்றால் சொல்வதற்கு இருந்த ஒரே இடத்தை என் கையெழுத்தாலேயே மூடிவிட்டு வந்திருந்தேன்.

புகார் கொடுத்தாயிற்று, ஸ்டேஷனிலிருந்து உனக்கு அழைப்பு வரும். ஓடி ஒளியாதே, போய் நடந்ததை நடந்தபடி சொல். அவளுக்குப் போன் செய்யாதே, நம்பரை மாற்றிக் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை இங்கே வருவதாகச் சொன்னாய், வராதே. வந்தால் கதவு திறக்காது. நீ வெளியில் நின்று அழுவாய். சின்னப் பிள்ளையில் அழுவாயே, மூச்சுப் பிடித்துக்கொண்டு, அப்படி அழுவாய். எனக்கு அது தாங்காது, உள்ளே உட்கார்ந்துகொண்டு நானும் அழுவேன். பிறகு கோர்ட்டில் கூப்பிடுவார்கள், நீ கூண்டில் நிற்பாய், என்னைப் பார்ப்பாய், அம்மா எப்படியும் கடைசி நேரத்தில் பேச்சை மாற்றிவிடுவாள் என்று நினைப்பாய். உன் அப்பாவுக்கு நான் செய்த உதவியை உனக்குச் செய்ய மாட்டேன்.

அம்மா